ஒரு வேட்டியைப் பழசாக்குவது எப்படி

பிப்ரவரி 2, ஞாயிறு

கட்டுச்சோறு விருந்து நல்லபடியாக முடிந்தது. தாராபுரத்திலிருந்து மாமியார் வீட்டார் ஒரு வேன் நிறைய வந்தார்கள். ஏழு வகைச் சோறும் வளையலும் கொண்டுவந்து இறக்கினார்கள். போகும்போது என் மனைவி பூர்ணிமாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பது எங்கள் பக்கத்து முறை. குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபிறகு திரும்பி வருவது வழக்கம்.

வேனில் ஏறும்போது, "திரும்பி எப்ப வருவே?" என்று கேட்டேன்.

"பாக்கலாமுங்க" என்றாள்.

பேருந்து நிலவரம் பார்த்துச் சொல்வாளாயிருக்கும். தாராபுரத்துக்கும் கோயமுத்தூருக்கும் கால் மணிக்கு ஒரு பேருந்து ஓடுகிறது.

தயிர்ச்சோறு கொஞ்சம் புளிப்பு. நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் முகம் திறந்துவிட்டது போலிருக்கிறது, மாமியார் என் இலைப்பக்கமே பிறகு வரவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

வீடு அமைதியாக இருக்கிறது. அதனால்தான் கம்பெனி கொடுத்த இந்த டைரியை நேற்று எடுத்தேன். முதல் பக்கத்தில் கேட்டதையெல்லாம் இன்று நிரப்பினேன். பெயர் திருமூர்த்தி, வயது முப்பத்தொன்பது, தொழில் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் தரம் பார்ப்பது. என் மேசையைத் தாண்டாமல் ஒரு பம்பும் வெளியே போகாது. சரியில்லாததற்குச் சிவப்புச் சீட்டு மாட்டுவேன். பதினாறு வருடமாக இதுதான் பிழைப்பு.

வீட்டுக்கு அந்தச் சீட்டை ஒரே ஒரு முறைதான் கொண்டுவந்தேன். போன வருடம் பூர்ணிமா எட்டு ஜன்னலுக்கும் அவளே திரை தைத்து மாட்டினாள். ஹாலில் ஒரு திரை மட்டும் அரை அங்குலம் இறக்கம். வேடிக்கைக்காக அதில் ஒரு சிவப்புச் சீட்டைக் குத்தி வைத்தேன். அவளுக்கு அந்த வேடிக்கை பிடிபடவில்லை. எட்டையும் கழற்றி மடித்தாள். பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று, தான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குப் போனவள் நான்கு மாதம் கழித்து வந்தாள். அந்த வருடம் வெயில் அதிகம்.

திரை இல்லாததால் வீட்டில் வெளிச்சம் நன்றாக வருகிறது.

இன்று ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். குழந்தைக்கு அவசியமான சாமான்களையெல்லாம் நானே பார்த்து வாங்கி, வீட்டைத் தயாராக வைத்துவிடுவது. எல்லாம் தயாராக இருக்கும் வீட்டுக்கு வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வாள்? தொட்டில், கொசுவலை, குளிப்பாட்டும் தொட்டி, தள்ளுவண்டி. தரம் பார்க்கிறவன் வீட்டுக் குழந்தைக்குத் தரமில்லாத சாமான் வந்தால் ஊர் சிரிக்கும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ரசமட்டமும் வெர்னியர் அளவுகோலும் எடுத்துக்கொண்டு தொட்டில் கடைக்குப் போனேன். கடைப்பெண் முதலில் என்னை அரசாங்க அதிகாரி என்று நினைத்து நாற்காலி போட்டாள். ஆறு தொட்டில் பார்த்தேன். முதலாவதில் ஒரு திருகாணி ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றது. இரண்டாவது ரசமட்டத்தில் நிற்கவில்லை. மூன்றாவதை ஆட்டினால் கிரீச். நான்காவதற்குள் என் பையை அப்படியே வைத்தேன். பைக்குள் எடைக்காக ஒரு மோட்டார் தண்டு இருந்தது.

"சார், கொழந்தைய வெக்கறதுக்குங்களா, மோட்டார் வெக்கறதுக்குங்களா?" என்றாள் கடைப்பெண்.

ஆறும் தேறவில்லை. அவளிடம் குறைகளை வரிசையாகச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் பூர்ணிமாவுக்குப் போன் செய்து ஆறு தொட்டிலின் ஆறு குறைகளையும் விவரித்தேன். ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள். ஆறு "ம்".

பிப்ரவரி 12, புதன்

கொசுவலை: கண்கள் ஒரே அளவில் இல்லை. திருப்பிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

என்னோடு வேலை செய்யும் மயில்சாமி தன் வீட்டுத் தள்ளுவண்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். பம்ப் பாகங்களைச் சேர்த்துப் பூட்டும் பிரிவில் இருக்கிறார், மூன்று பிள்ளைகளின் தகப்பன். "மூணு பேரும் இதுல வளந்ததுங்க. நீங்க வெச்சுக்கோங்க" என்றார்.

சும்மா வாங்கி வைத்துக்கொள்ள எனக்கு மனம் வருமா? ஐந்து கிலோ அரிசிப் பையை அதில் படுக்கவைத்து, பெல்ட் மாட்டி, தெருவில் மூன்று வேகத்தடை ஏற்றி இறக்கினேன். எதிரே வந்த ஒரு பெண்மணி ஆசையாகக் குனிந்து, "யாரு சாமி இது?" என்று துணியை விலக்கிப் பார்த்தார். பொன்னி அரிசி என்றேன். எதிர்ப்பக்கம் கடந்து வேகமாகப் போனார்.

முன்சக்கரம் இடதுபக்கம் இழுக்கிறது. மயில்சாமியிடம் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவர் வண்டியை மடக்கிக்கொண்டே, "மூணு கொழந்தைங்களும் நேராத்தான் நடக்குதுங்க" என்றார். குரல் சரியில்லை.

பூர்ணிமாவிடம் சொன்னேன். "மயில்சாமி அண்ணன் குடுத்ததையா?" என்றாள். அதற்குப் பிறகு "ம்" கூட வரவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

குளிப்பாட்டும் தொட்டி மூன்று பார்த்தேன். மூன்றிலும் அடிப்பாகம் வழுக்குகிறது. போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது பூர்ணிமா இடையில் மறித்தாள்.

"ஏனுங்க, இதுவரைக்கும் ஒண்ணாச்சும் உங்களுக்குப் புடிச்சுதுங்களா?"

"இல்ல. ஒண்ணுகூடத் தேறல" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"அப்ப எங்களையும் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் உள்ள விடுவீங்களா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு நானும் நிறுத்திக்கொண்டேன்.

"கொழந்தை உங்க பம்பு மாதிரி இருக்காதுங்க. கத்தும். கக்கும். நான் சொன்னாலும் கேக்காது, நீங்க சொன்னாலும் கேக்காது. அதுக்கு என்ன சீட்டு மாட்டுவீங்க? நான் வாங்குனது போதும். அதுவும் வாங்கோணுமா? அந்த வீட்டுக்குத் தூக்கிட்டு வரலாமா வேண்டாமான்னு தெரியாமத்தான் ஒக்காந்திருக்கறேன்."

டவர் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நான்கு கோடும் நிறைந்து இருந்தது.

பிப்ரவரி 24, திங்கள்

கம்பெனியில் பதினொரு பம்புக்குச் சீட்டு மாட்டினேன். அங்கே அது சரிதான்.

பயமாக இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

மாமியார் போன் செய்தார். அவர் என்னோடு நேராகப் பேசுவது அபூர்வம். எழுந்து நின்று பேசினேன், ஏன் என்று தெரியவில்லை.

"மாப்ள, நீங்க கடை கடையா ஏறி எறங்கறதா புள்ள சொல்லுச்சு. ஒண்ணும் வாங்க வேண்டாமுங்க. பொறக்கறதுக்கு முன்னால வாங்கி வெக்கறது எங்க பக்கம் ஆகாது. ஒண்ணே ஒண்ணு மட்டும் நீங்கதான் குடுக்கோணும். உங்க பழைய வேட்டி."

"பழைய வேட்டியா?"

"ஆமாங்க. கட்டிக் கட்டி, துவைச்சுத் துவைச்சு நைஞ்சிருக்கோணும். பொறந்த கொழந்தைக்கு மொதல்ல அப்பன் வேட்டியத்தான் சுத்துவோம். புதுத்துணி ஒடம்பக் கீறிப்போடுங்க. அவங்கப்பாவோடதத்தான் பூர்ணிக்குச் சுத்துனது."

இவ்வளவுதானா என்று அலமாரியைத் திறந்தேன். பதினான்கு வேட்டிகள். அத்தனையும் மொடமொடவென்று மடிப்புக் கலையாமல் நின்றன. ஒரு சொட்டுக் காப்பி பட்டால் அன்றைக்கே அதைக் கழித்துவிடுகிற ஆள் நான். சாயம் ஏறினாலோ கரை மங்கினாலோ வண்டி துடைக்கப் போய்விடும். எல்லா ஆணுக்கும் வீட்டில் ஒரு பழைய வேட்டி இருக்கும். எனக்கு இல்லை.

ஒரு மாதமாக ஊரெல்லாம் சாமான் சோதித்தவனிடம் கேட்டது ஒரே சாமான். அது கைவசம் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

மயில்சாமியிடம் பழைய வேட்டி ஒன்று கேட்டேன். வண்டி விஷயம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் பேசினார்.

"அப்பன் வேட்டின்னா அப்பன் கட்டினதுங்க. உங்க கொழந்தைக்கு எதுக்குங்க என்ர வாசம்?"

"அப்ப என்ன பண்றது?"

"கட்டுங்க. துவைங்க. மறுக்காக் கட்டுங்க. வேற வழி இல்லீங்."

பேறுகாலத்துக்கு டாக்டர் சொன்ன தேதி ஏப்ரல் 21. ஒன்றரை மாதத்தில் ஒரு வேட்டியைப் பல வருடத்து வேட்டியாக்க வேண்டும். இது ஒரு தொழில்நுட்பப் பிரச்சினை. நாளை கம்பெனியில் பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 8, சனி

கம்பெனியில் பம்புகளை நாள்கணக்கில் ஓட்டிப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. மதியம் வேட்டியை அதில் போட்டேன். சுழலும் தண்ணீரில் ஆறு மணி நேரம் கிடந்தால் அறுபது சலவைக்குச் சமம் என்பது என் மதிப்பீடு. பத்தாவது நிமிடம் பம்ப் வேட்டியை விழுங்கிவிட்டது.

மோட்டார் நின்றது. பிரித்து எடுத்தபோது வேட்டி கயிறாக வந்தது. காலையில் நானே பார்த்து அனுப்பிய பம்ப். விதிப்படி அதற்குச் சிவப்புச் சீட்டு மாட்டி, பழுதின் காரணம் என்ற இடத்தில் 'வேட்டி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தார். சீட்டோடு எழுந்து போனார். அடுத்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மார்ச் 10, திங்கள்

மயில்சாமி சொன்ன வழியே வழி. நேற்று சாயங்காலம் ஒரு வேட்டியைக் கட்டினேன், அதோடு தூங்கினேன், காலையில் மொட்டைமாடிக் கல்லில் துவைத்தேன். முதல் சலவை. கஞ்சி மட்டும் போயிற்று.

மார்ச் 16, ஞாயிறு

ஏழாவது சலவை. வேட்டி அப்படியேதான் இருக்கிறது. என் விரல்முட்டிகள்தான் நைந்துவிட்டன.

மென்மையை எதை வைத்து அளப்பது என்று தெரியவில்லை. எங்கள் கம்பெனியில் கனம் பார்க்க, வட்டம் பார்க்க, அதிர்வு பார்க்க எல்லாவற்றுக்கும் கருவி இருக்கிறது. இதற்கு இல்லை. கடைசியில் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். அடுத்த மாடியில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்துக் கீழே போய்விட்டார்கள்.

மார்ச் 20, வியாழன்

பதினொன்றாவது சலவை. சாயங்காலம் மடியில் சாம்பார் கொட்டிவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. கை தானாக அதைச் சுருட்டிக் குப்பைக்கூடை வரைக்கும் கொண்டுபோய்விட்டது. கூடைக்குப் பக்கத்தில் கொஞ்சநேரம் நின்றேன். கழித்தால் மறுபடி முதல் சலவையிலிருந்து தொடங்க வேண்டும். நாள் இல்லை.

திரும்பக் கொண்டுவந்து துவைத்தேன். கறை போகவில்லை. கறையோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

பூர்ணிமாவிடம் கறையைப் பற்றிச் சொன்னேன்.

"சாம்பாரா? நீங்களா வெச்சீங்க?"

"நான்தான். புளி அதிகம். பருப்பு வேகல."

"யாரு சொன்னாங்க?"

"நானேதான்."

சிரித்துவிட்டாள். போனில் அவள் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று யோசித்தேன். பம்ப் வேட்டியை விழுங்கிய கதையையும் சொன்னேன். வயிறு வலிக்குதுங்க, நிறுத்துங்க என்றாள். பயந்துபோய் நிறுத்தினேன். சிரிப்பால் வந்த வலி என்று விளக்கினாள்.

எப்போது வருவாய் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

மார்ச் 26, புதன்

மயில்சாமியிடம் தள்ளுவண்டியைத் திருப்பிக் கேட்டேன். தங்கை பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாராம். எனக்கு இது வேண்டியதுதான்.

மார்ச் 30, ஞாயிறு

இருபத்தொன்றாவது சலவை. கொடிக்கம்பியில் சிக்கி வேட்டி ஒரு ஜாண் கிழிந்தது. பூர்ணிமாவின் ஊசிப்பெட்டியை எடுத்து நானே தைக்க உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோக்கப் பத்து நிமிடம். தைக்க ஐம்பது நிமிடம். இரண்டு முறை வேட்டியைச் சட்டையோடு சேர்த்துத் தைத்துவிட்டுப் பிரித்தேன். முடித்துப் பார்த்தால் தையல் கோணல். பழக்கதோஷத்தில் அளந்தேன். கால் அங்குலம் விலகல்.

அப்போதுதான் அந்தத் திரைகள் ஞாபகம் வந்தன. ஞாபகம் வந்தது என்று எழுதுவது பொய். அவை மறந்ததே இல்லை. எட்டு ஜன்னலுக்குத் தைத்தவள் ஒன்றில் அரை அங்குலம் தவறினாள். நான் ஒரு ஜாணில் கால் அங்குலம்.

போன் செய்தேன்.

"பூர்ணி, அந்தத் திரையில சீட்டுக் குத்தினது வேடிக்கை இல்ல. தப்பு."

"பள்ளிக்கூடம் விட்டு வந்து, நோட்டுத் திருத்திட்டு, பதினொரு நாள் தெச்சனுங்க."

"தெரியும்."

"தெரியாதுங்க உங்களுக்கு."

"தெரியாது" என்றேன்.

இரண்டு பேரும் அழுதோம். அவள் அழுததை நான் கேட்டேன். நான் அழுததை அவள் கேட்டாளா தெரியவில்லை, மூக்கடைப்பா என்று விசாரித்தாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இருபத்தெட்டு. வேட்டி இப்போது உள்ளங்கையில் நிற்காமல் வழிகிறது. கறை வெளிறி மாம்பழ நிறத்தில் இருக்கிறது. இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, நாற்பது தாண்டிவிடலாம்.

ஏப்ரல் 9, புதன்

நாற்பது தாண்டவில்லை. காலை எட்டரைக்கு மாமியார் போன். வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. பன்னிரண்டு நாள் முன்னதாக. வேட்டி அப்போதுதான் முப்பத்தொன்றாவது சலவை முடிந்து சொட்டிக்கொண்டிருந்தது. பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வேட்டியை ஜன்னலுக்கு நேரே விரித்துப் பிடித்தேன். பின்சீட்டுக்காரர் முகத்தில் அடித்தது. கண்டக்டர் வந்தார்.

"ஏனுங்க, பஸ்ஸுக்குள்ளயா துணி காயப்போடறீங்க?"

காரணத்தைச் சொன்னேன். முப்பத்தொரு சலவையையும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன் போலிருக்கிறது. அந்தப் பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நடுவில் தொய்ந்தது என்று இன்னொருவர் நடுவில் பிடித்தார். கண்டக்டர் குனிந்து அடியில் நுழைந்து டிக்கெட் கொடுத்தார். பல்லடம் தாண்டும்போது பாதி ஈரம். குண்டடத்தில் காய்ந்துவிட்டது. ஒரு முனையில் யாருடைய வெற்றிலைச் சாறோ பட்டிருந்தது. பரவாயில்லை என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது எனக்கே வினோதமாக இருந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

நேற்று மதியம் ஒன்று ஐம்பதுக்குப் பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். இதை மூன்று முறை எழுதிப் பார்க்க ஆசை. இரண்டு பேரும் நலம்.

பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வேட்டியை மாமியாரிடம் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிரித்தார். ஓரத்திலிருந்து ஓரம் விரல் ஓட்டினார். கறையில் நின்றார். கோணல் தையலில் நின்றார். வெற்றிலைச் சாற்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பதினாறு வருடத்தில் நான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றதே இல்லை. என்னிடம் பம்ப் கொண்டுவரும் ஆட்கள் இப்படித்தான் நிற்பார்களா?

"எத்தன வருசத்து வேட்டிங்க மாப்ள?"

"ஒரு மாசம் ஆச்சுங்க அத்தை."

நிமிர்ந்து என் கைகளைப் பார்த்தார். தோல் உரிந்த முட்டிகளைப் பார்த்தார். கறையும் சாறும் பட்ட பக்கத்தை ஒதுக்கிவிட்டு, நல்ல பாகத்தைப் பல்லால் கடித்துச் சர்ரென்று கிழித்துக்கொண்டு உள்ளே போனார். என் வேட்டி கிழிந்த சத்தத்துக்கு நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

உள்ளே கூப்பிட்டபோது மகள் அதற்குள் சுருண்டிருந்தாள். முகம் சிவந்து, தலை ஒரு பக்கம் கொஞ்சம் நீண்டு, உலகத்தின் மேல் பெரிய புகாரோடு கத்திக்கொண்டிருந்தாள். நான் எதையும் அளக்கவில்லை. பார்க்கவே முடியாமல் கண்ணை நீர் மறைத்தது.

இன்று காலை பூர்ணிமா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் நனைந்த வேட்டித் துண்டுகளை அலசி ஜன்னல் கம்பியில் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த வேலையில் இப்போது எனக்கு அனுபவம் உண்டு.

"ஒரு வேட்டி பத்தாதுங்க" என்றாள். "காலைலருந்து எட்டுத் துண்டு நனைச்சுட்டா."

"ஊருக்குப் போய் இன்னொண்ணு ஆரம்பிக்கிறேன்."

"அங்க வீட்டுல ரெண்டாச்சும் வேணும். நாங்க வர்றப்ப."

துண்டு கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"எப்ப வருவீங்க?"

மகளின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஒரு வேட்டி பழசாக எத்தன நாளாச்சு?"

"முப்பத்தொண்ணு."

"அப்ப ரெண்டு வேட்டி. ஒண்ணு முடிஞ்சதும் ஒண்ணு. ரெண்டாவது நைஞ்ச அன்னிக்கு போன் பண்ணுங்க, கெளம்பறோம்."

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு ரெண்டையும் சேத்துக் கட்டினா..."

"ஏமாத்தக் கூடாதுங்க" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். அது எனக்குத் தெரிந்தது.

மாமியார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அஞ்சு மாசம் கழிச்சுத்தான் அனுப்புவோம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கீழே விழுந்த துண்டை எடுத்து, சரியாக அலசவில்லை என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு, கம்பெனி விடுமுறை. நேற்று சாயங்காலம் ஊர் திரும்பிப் புது வேட்டி கட்டினேன். இன்று காலை முதல் சலவை. மயில்சாமி வீட்டிலிருந்து மாங்காய்ப் பச்சடி வந்தது. உப்பு தூக்கல். முழுவதும் சாப்பிட்டேன். இன்னும் அறுபத்தொரு சலவை.